அதே இடத்தில் மறுபடியும் பள்ளமா? சென்னைத் தார்ச்சாலைகளுக்கான பழுது நீக்கும் வழிமுறை

ஒட்டுப் போட்ட இடம் அடுத்த மழைக்கே பெயர்ந்து வந்தால் எல்லோரும் முதலில் தாரைக் குறை சொல்வார்கள். தார் மட்டமாக இருந்திருக்கலாம். ஆனால் பெரும்பாலான இடங்களில் நடந்தது வேறு: கெட்டுப்போனது எந்த அடுக்கு என்று பார்க்காமலே மேலே கலவையைக் கொட்டி உருட்டியிருப்பார்கள். கீழே நசநசவென்று இருக்கும் கப்பியின் (தாருக்கு அடியில் உள்ள ஜல்லி அடுக்கின்) மேல் எவ்வளவு நல்ல கலவையைப் போட்டாலும் அது நிற்காது. ஆகவே இந்தக் குறிப்பு முழுக்க ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கும்: கண்ணில் படும் இந்த அறிகுறிக்குக் காரணமான அடுக்கு எது, அங்கே தண்ணீர் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

பேருந்து ஓடும் சாலை ஒன்றைக் குறுக்கே வெட்டினால் பொதுவாக இப்படி இருக்கும். மேலே 30 முதல் 50 மி.மீ. பிட்டுமினஸ் கான்கிரீட் என்னும் தார்-ஜல்லிக் கலவை, அதாவது பி.சி. அதன் கீழ் 50 முதல் 100 மி.மீ. டி.பி.எம்., அதாவது பருத்த ஜல்லி கொண்ட அடித் தார் அடுக்கு. அதன் கீழ் வெட்மிக்ஸ் கப்பி (தண்ணீர் கலந்து இறுக்கிய ஜல்லி), ஜி.எஸ்.பி. (அதற்கும் அடியில் வரும் ஜல்லி-மணல் அடுக்கு), கடைசியாக மண். பழைய தெருக்களில் இந்த ஒழுங்கு இருக்காது. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட நான்கைந்து பழைய தார் அடுக்குகள் இருக்கும், அவற்றுக்கு நடுவே எப்போதோ போட்ட ஒட்டுகளும் புதைந்திருக்கும். இங்கே தார் என்று சொல்வதெல்லாம் பிட்டுமினைத்தான்.

பார்வையிடப் போகும்போது

கையில் வேண்டியவை: 3 மீட்டர் நேரான அலுமினியச் சட்டம், ஸ்டீல் ஸ்கேல், 30 மீட்டர் டேப், சாக்பீஸ், அரை அங்குலக் கம்பி ஒன்று, டியூப் லெவல், இரண்டு பாட்டில் தண்ணீர். சாலையை 100 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒவ்வொரு பழுதுக்கும் அதன் வகை, சதுர மீட்டரில் பரப்பு, ஆழம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். நான்காவதாக ஒன்று உண்டு, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: பக்கத்தில் உள்ள மேன்ஹோல், குடிநீர் வால்வு, மழைநீர் வடிகால் வாய், மரம் ஆகியவற்றிலிருந்து எத்தனை மீட்டர். பத்துப் பள்ளங்களை இப்படிக் குறித்தாலே எத்தனை பள்ளங்கள் ஒரே குழாயின் மேல் வரிசையாக நிற்கின்றன என்று தெரிந்துவிடும்.

இரண்டு முறை நடக்க வேண்டும். ஒன்று, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில். சக்கரத் தடம் இறங்கியிருந்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, மழை விட்டு ரோடு காயத் தொடங்கும் நேரத்தில். மேல்பரப்பு காய்ந்த பிறகும் விரிசல்கள் மட்டும் கறுத்த கோடுகளாக ஈரம் தாங்கி நிற்கும். வறண்ட நாளில் கண்ணுக்கே தெரியாத விரிசல்கூட அப்போது படம் போட்டதுபோல் தெரியும். அந்த அரைமணி நேரத்தில் எடுக்கும் செல்போன் படங்கள் எந்தக் கருவியின் அறிக்கைக்கும் குறைந்தவை அல்ல.

பள்ளம் விழுந்திருக்கிறது

முதலில் பள்ளத்துக்குள் இருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டு அடியைப் பாருங்கள்.

ஆழம் 30, 40 மி.மீ.தான், அடி கறுப்பாகத் தட்டையாக இருக்கிறது என்றால் மேல் தோல் மட்டும் கழன்றிருக்கிறது. பழைய பரப்புக்கும் புதிய அடுக்குக்கும் ஒட்டு இல்லை. இதற்கு மேல் அடுக்கைச் சரிசெய்தால் போதும்.

அடியில் ஜல்லி தெரிகிறது, கம்பியால் குத்தினால் கெட்டியாக இருக்கிறது என்றால் தார் அடுக்குகள் முழுதும் போய்விட்டன, கப்பி தாங்குகிறது. தார் அடுக்குகளின் முழு ஆழத்துக்கும் ஒட்டுப் போட வேண்டும்.

கம்பி சுலபமாக இறங்குகிறது, நுனியில் சேறு ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால் கப்பியே கெட்டுவிட்டது. அங்கே தார்க் கலவை கொட்டுவது வீண்செலவு. நனைந்த கப்பியை மொத்தமாக அள்ளி வெளியே எறிந்துவிட்டு, புதிய வெட்மிக்ஸ் போட்டு இறுக்கிய பிறகுதான் தாரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நான்காவது ஒன்று: மழையே இல்லாத மாதத்திலும் பள்ளத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. குழாய் கசிவு என்று கொள்ளலாம். தெளிவான தண்ணீராக இருந்தால், குடிநீரில் குளோரின் பார்க்கும் சொட்டு மருந்தை விட்டுப் பாருங்கள். நிறம் மாறினால் குடிநீர்க் குழாய். மாறாவிட்டாலும் குழாய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மண்ணில் ஊறி வரும்போதே குளோரின் தீர்ந்துபோயிருக்கலாம். நாற்றம் வந்தால் கழிவுநீர். இரண்டிலும் குழாயைச் சரிசெய்யாமல் ரோட்டைத் தொடவே கூடாது.

ஒட்டுப் போடும் முறையைக் கணக்கோடு சொல்கிறோம். பள்ளம் வட்டமாக இருந்தாலும் அதைச் சுற்றிக் கெட்டியான பகுதி வரும்வரை போய், செவ்வகமாகக் கோடு போட வேண்டும். ஒரு பக்கம் போக்குவரத்தின் திசைக்கு இணையாக இருக்கட்டும். கட்டிங் மெஷினால் ஓரத்தைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். சரிவான ஓரத்தில் கலவை மெல்லிய விளிம்பாக முடியும், முதலில் பெயர்வது அந்த விளிம்புதான். உள்ளே இருக்கும் தூசியைத் துடைப்பத்தால் பெருக்கி, காற்றடித்து நீக்க வேண்டும்.

1 மீட்டருக்கு 0.8 மீட்டர், ஆழம் 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 0.048 கன மீட்டர். இறுகிய தார்க் கலவை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.35 டன் என்பதால் 113 கிலோ வேண்டும். சிந்துவது சேதாரம் சேர்த்து 120 கிலோ. பழையதும் புதியதும் ஒட்டுவதற்காகப் பூசும் டாக் கோட்டுக்கு அடிப்பரப்பு 0.8 சதுர மீட்டர், நான்கு சுவர்கள் 0.2, ஆக 1 சதுர மீட்டர். ஆர்.எஸ்.-1 வகை எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) பழைய தார்ப் பரப்பின் மேல் சதுர மீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ போதும். அதாவது இந்தப் பள்ளம் முழுவதற்கும் 300 கிராம். சாதாரணமாக நடப்பது என்ன? ஒரு வாளி நிறைய ஊற்றிக் குளமாக்கி விடுவார்கள். மிகுதியாக ஊற்றிய எமல்ஷன் பசையாக இருக்காது, கலவை வழுக்கி நகர்வதற்குத்தான் உதவும். தூரிகையால் சுவர்கள் உட்பட மெல்லப் பூசி, பழுப்பு நிறம் கறுப்பாக மாறும்வரை காத்திருக்க வேண்டும். எமல்ஷனில் இருக்கும் தண்ணீர் பிரிந்துவிட்டது என்பதற்கு அந்த நிறமாற்றமே அடையாளம். கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வெயிலுக்கும் மேகமூட்டத்துக்கும் நேரம் மாறும்.

கலவையை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நிரப்ப வேண்டும். உயரத்திலிருந்து கொட்டினால் பெரிய ஜல்லி தனியே உருண்டு ஓரத்தில் சேரும். 60 மி.மீ. இறுகி நிற்க, தளர்வாக 75 மி.மீ. வரை வேண்டும். ஆழம் 100 மி.மீ.க்கு மேல் போனால் இரண்டு அடுக்காகப் போட வேண்டும். கைப்பிளேட் காம்பாக்டர் மட்டுமே இருந்தால் 50 மி.மீ. அடுக்குக்கு மேல் அது ஊடுருவாது. இறுக்கும்போதும் ஓரத்திலிருந்து நடுவுக்கு. முடிவில் ஒட்டு சுற்றுப்புறத்தைவிட 3 மி.மீ. வரை உயர்ந்து நிற்கலாம், வண்டிகள் ஓடி அது இறங்கும். தாழ்ந்து மட்டும் நிற்கவே கூடாது. கலவையைக் கொட்டிவிட்டு பஸ் டயரே இறுக்கிவிடும் என்று விட்டுப்போவது சென்னையில் அடிக்கடி காணும் காட்சி. டயர் நடுவை மட்டும் அழுத்தும், ஓரம் தளர்வாகவே கிடக்கும், முதல் மழைத் தண்ணீர் அந்த ஓரத்தில் இறங்கும்.

வெப்பம் முக்கியம். வி.ஜி.-30 வகைத் தார் போட்ட கலவை பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். உருட்டல் 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் முடிய வேண்டும். அதைவிடக் கெட்டியான வி.ஜி.-40 என்றால் 150, 100. கலவையைத் திறந்த ட்ராலியில் பத்துப் பள்ளங்களுக்குக் கொண்டுபோனால் ஆறாவது பள்ளத்திலேயே சூடு போய்விடும். தார்ப்பாயால் மூடுங்கள், கம்பி வெப்பமானி ஒன்றை நிச்சயம் வைத்திருங்கள்.

மழைக்காலத்தில் ஹாட் மிக்ஸ், அதாவது ஆலையிலிருந்து சூடாக வரும் கலவை, கிடைக்காது, கிடைத்தாலும் ஈரப் பள்ளத்தில் போட்டால் நீராவி கிளம்பிக் கலவைக்குள் ஓட்டைகளை உண்டாக்கும். அதற்குத்தான் மூட்டையில் வரும் ரெடிமேட் கலவை, இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 116-2014 அதற்கான நெறிமுறை. மேலே சொன்ன பள்ளத்துக்கு 25 கிலோ மூட்டை நான்கு முதல் ஐந்து வேண்டும். இதற்கும் ஓரம் வெட்டி, தண்ணீரை இறைத்து, இறுக்கத்தான் வேண்டும். மூட்டையைப் பிரித்துக் கொட்டி மண்வெட்டியின் முதுகால் தட்டினால் போதும் என்று நினைத்தால் பொருளின் மேல் பழி விழும்.

ரோடு வெட்டி மூடிய கோடு இறங்கிக்கொண்டே போகிறது

சென்னைத் தெருக்களுக்கு இதுதான் பெரிய நோய். குடிநீர், கழிவுநீர், மின்கேபிள், இன்டர்நெட் கேபிள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டு. மேலே தார் நன்றாகவே இருக்கும், ஆனால் வெட்டின் அகலத்துக்கு 20, 30 மி.மீ. தாழ்ந்து வாய்க்கால்போல் நிற்கும். அதன் மேல் ஒட்டு, அது இறங்கியதும் மறுபடியும் ஒட்டு. எத்தனை முறை ஒட்டினாலும் இறங்கும், ஏனென்றால் இறங்குவது தார் இல்லை, கீழே தளர்வாகக் கொட்டிய மண்.

1.5 மீட்டர் ஆழப் பள்ளத்தில் தோண்டிய மண்ணையே மொத்தமாகத் தள்ளி மேலே மட்டும் ஜே.சி.பி. வாளியால் அமுக்கினால், அந்த அமுக்கல் மேல் அரையடிக்கு மேல் இறங்காது. மீதி மழைத் தண்ணீரில் நனைந்து பல மாதம் உட்கார்ந்துகொண்டே இருக்கும். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர்ப் பக்கக் களிமண் கட்டிகளாகவே விழும். கட்டிகளுக்கு நடுவே வெற்றிடம் நிற்கும். திருவான்மியூர், சாந்தோம், தண்டையார்பேட்டைப் பக்கக் கடற்கரை மணலில் வேறு சிக்கல்: மணல் நன்றாக இறுகும், ஆனால் பழைய கழிவுநீர்க் குழாயின் இணைப்பு விட்டிருந்தால் அதன் வழியாகவே மணல் உள்ளே ஓடிவிடும்.

செய்ய வேண்டியது இது. இறங்கிய தார், கப்பி இரண்டையும் எடுத்துவிட்டு மண்ணைக் கம்பியால் குத்திப் பாருங்கள். தளர்வாக இருந்தால் கெட்டியான மட்டம் வரும்வரை தோண்டுங்கள். களிமண்ணைத் திரும்பப் போடாமல் மணல் அல்லது குவாரி டஸ்ட் போடுவது நல்லது. 150 மி.மீ. அடுக்காகப் போட்டு, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரமாக்கி, ஒவ்வொரு அடுக்கையும் ராம்மரால் (மண்ணைக் குத்தி இறுக்கும் கருவியால்) இறுக்க வேண்டும். 600 மி.மீ. அகல வெட்டுக்குள் ராம்மர் தாராளமாக இறங்கும், ஆகவே இடமில்லை என்ற காரணம் செல்லாது. சாலைக்கு நேர் அடியில் வரும் மேல் 500 மி.மீ. மண்ணுக்கு, ஆய்வகத்தில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 97 சதவீத இறுக்கம் வேண்டும். இறுக்கத்தை அளக்கும் மணல் மாற்று முறையில் ஒரு சோதனைக்கு அரைமணிதான் ஆகும், அதைக் கேட்டு வாங்குங்கள். அதன் மேல் பழைய கப்பியின் தடிமனுக்குக் குறையாமல் வெட்மிக்ஸ்.

தார் போடும்போது வெட்டின் அகலத்துக்கு மட்டும் போடக் கூடாது. இருபுறமும் 200 மி.மீ.யாவது பழைய தாரை வெட்டியெடுத்து, டி எழுத்து வடிவில் புதிய தார் பழைய கெட்டியான கப்பியின் மேல் உட்காருமாறு செய்ய வேண்டும். தோண்டும்போது பள்ளத்தின் சுவர் சரிந்து ஓரத் தாருக்கு அடியில் பொந்து விழுந்திருக்கும். அந்த ஓரத்தை விட்டுவைத்தால் வெட்டுக்கு இருபுறமும் இணைகோடுகளாக இரண்டு விரிசல் வரும்.

இறக்கம் மெதுவாக இல்லாமல் ஒரே நாளில் தொப்பென்று விழுந்தால், அல்லது காலால் உதைத்தால் பொள்ளல் சத்தம் கேட்டால், தடுப்பு வைத்துப் போக்குவரத்தை நிறுத்துங்கள். கீழே பொந்து இருக்கிறது. அருகிலுள்ள மேன்ஹோலைத் திறந்து பார்த்தால் கழிவுநீரோடு மணல் வந்துகொண்டிருக்கும். குழாய்க்குள் கேமரா விட்டு உடைப்பைக் கண்டுபிடித்து அடைக்கும்வரை லாரி லாரியாக ஜல்லி கொட்டினாலும் குழாய் விழுங்கிக்கொண்டே இருக்கும்.

விரிசல்: வடிவம்தான் பேசும்

சக்கரம் ஓடும் தடத்தில் முதலைத் தோல்போல் சின்னச் சின்னக் கட்டங்கள்: சாலை பாரம் தாங்காமல் களைத்துவிட்டது. கட்டங்களின் ஓரத்தில் சாம்பல் அல்லது பழுப்பு நிறச் சேற்றுக் கறை இருந்தால், வண்டி போகும்போதெல்லாம் கீழிருந்து நுண்மண் தண்ணீரோடு மேலே பீய்ச்சப்படுகிறது. இதற்கு மேலே ஒரு மெல்லிய அடுக்கு போடுவது புண்ணுக்குப் பவுடர் பூசுவதுதான். அந்தப் பரப்பைக் கப்பி வரை வெட்டி எடுத்து மாற்ற வேண்டும். சேற்றுக் கறை இல்லாத, இன்னும் கட்டங்கள் ஆடாத தொடக்க நிலையில் மேலிருந்து தண்ணீர் இறங்காமல் அடைத்தால் சில காலம் வாங்கலாம்.

சாலையின் நீளவாக்கில் நடுவே நேர்கோடு: கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரம் இரண்டு முறை ஓடிய இடத்தின் இணைப்பு. முதல் பாதி ஆறிய பிறகு ஓரத்தை வெட்டாமல், டாக் கோட் பூசாமல் அடுத்த பாதியை ஒட்டியிருக்கிறார்கள். அடைத்தால் போதும்.

பிறை வடிவம், பஸ் பிரேக் போடும் இடத்தில்: மேல் அடுக்கு வழுக்குகிறது. தூசியின் மேல் டாக் கோட் அடித்தார்கள் அல்லது அடிக்கவே இல்லை. அந்த அடுக்கைச் சுரண்டிப் பாருங்கள், தகடுபோல் எழும்பும். அடைப்பதால் பயனில்லை, உரித்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

சீரான இடைவெளியில் குறுக்கே நேர்கோடுகள்: கீழே பழைய சிமென்ட் சாலை இருக்கிறது, அதன் இணைப்புகள் மேலே பிரதிபலிக்கின்றன. அடைத்து அடைத்துத்தான் பராமரிக்க வேண்டும்.

ஓரத்தில், நடைபாதைக் கல்லுக்கு அருகே வளைவு வளைவாக: தாருக்கும் கல்லுக்கும் நடுவே விட்ட ஓரடி மண் பட்டைதான் காரணம். தண்ணீர் அதில் இறங்கிப் பக்கவாட்டில் கப்பிக்குள் போகிறது. அந்தப் பட்டையைக் கான்கிரீட்டால் மூடினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடைக்கும் முறை: 3 மி.மீ.க்கு உட்பட்ட மெல்லிய விரிசல் பரவலாக இருந்தால் ஃபாக் ஸ்ப்ரே, அதாவது நீர்த்த எமல்ஷனைச் சதுர மீட்டருக்கு 0.5 முதல் 1.0 லிட்டர் தெளிப்பது. அதைவிட அகலமான விரிசலைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, எமல்ஷனும் குவாரி டஸ்டும் கலந்த குழம்பு அல்லது சூடாக ஊற்றும் ரப்பர் கலந்த தார். விரிசலுக்குள் ஈரம் இருந்தால் ஊற்றியது ஒட்டாது. மே மாத உச்சி வெயிலில் விரிசல் மிகக் குறுகி இருக்கும், அப்போது அடைத்தது பிறகு திறந்துகொள்ளலாம். அதிகாலையில் அடைப்பது நல்லது.

சக்கரத் தடம் குழிகிறது, பஸ் நிறுத்தத்தில் அலை அலையாக எழும்புகிறது

3 மீட்டர் சட்டத்தைக் குறுக்கே வைத்து, கீழே உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளங்கள். 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் மழையில் அங்கே தண்ணீர் நிற்கும், இருசக்கர வண்டி வழுக்கும்.

காரணம் சொல்வது அளவைவிட வடிவம். தடம் குறுகலாக இருந்து இருபுறமும் தார் மேடாகப் பிதுங்கியிருந்தால், தார் அடுக்குதான் நகர்கிறது. தார் அதிகம், அல்லது வெயிலுக்கு இளகும் மென்மையான தார், அல்லது சரியாக இறுக்கவில்லை. தடம் அகலமாக, பிதுங்கல் இல்லாமல் தட்டுபோல் இறங்கியிருந்தால் கப்பியோ மண்ணோ இறங்கியிருக்கிறது. முன்னதற்கு நகரும் அடுக்கை மில்லிங் செய்து, அதாவது இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, வி.ஜி.-40 அல்லது மேம்படுத்திய தாரில் போட வேண்டும். பின்னதற்கு மேலே எதைப் போட்டாலும் மறுபடி இறங்கும். சந்தேகம் வந்தால் தடத்திலும் பிதுங்கலிலும் ஒவ்வொரு கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து தார் அடுக்கின் தடிமனை ஒப்பிடுங்கள்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டும் சேர்ந்து வரும், கூடவே டீசல் சொட்டும். டீசல் தாரைக் கரைக்கும். கைவிரலால் நிமிண்டினால் ஜல்லி தனியே வரும். பஸ் நிற்கும் நீளத்துக்கு மட்டும் எம்-40 கான்கிரீட் தளம் போடுவதே சரியான தீர்வு என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆண்டுதோறும் தாரை மாற்றும் செலவை இரண்டு மூன்று முறை கூட்டிப் பார்த்தால் கணக்கு தானே தெரியும்.

ஜல்லி உதிர்கிறது

ரோட்டோரம் சிறு ஜல்லி குவிந்து கிடக்கிறது, பரப்பு சொரசொரவென்று ஆகிவிட்டது. ஒரு துண்டைப் பெயர்த்துக் கையால் உடையுங்கள். ஜல்லி பளபளப்பில்லாமல் பழுப்பாக இருந்தால் தார் குறைவு அல்லது ஆலையில் கருகிவிட்டது. ஜல்லி வெறும் கல்லாக, தார் சுத்தமாகக் கழன்றிருந்தால் தண்ணீர் தாரைக் கல்லிலிருந்து பிரித்துவிட்டது. இரண்டும் இல்லாமல் கலவை நல்ல கறுப்பாக ஆனால் பொறைபோல் ஓட்டையாக இருந்தால் ஆறிப்போன கலவையை உருட்டியிருக்கிறார்கள். பி.சி.க்கு வடிவமைப்பில் 3 முதல் 5 சதவீதக் காற்றிடைவெளிதான் இருக்க வேண்டும்; குறைந்தபட்சத் தார், ஜல்லி பருத்த முதல் தரத்துக்கு 5.2, ஜல்லி சிறுத்த இரண்டாம் தரத்துக்கு 5.4 சதவீதம்.

சென்னைக்கு வரும் கருங்கல் ஜல்லி சிலிக்கா மிகுந்தது. தண்ணீருக்குத் தாரை எளிதில் விட்டுக்கொடுக்கும் வகை. தார் பூசிய ஜல்லியை 40 டிகிரி வெந்நீரில் 24 மணி நேரம் ஊறவைத்துப் பார்க்கும் சோதனை மிக எளிது. 95 சதவீதப் பரப்பிலாவது தார் ஒட்டியிருக்க வேண்டும். தேறாவிட்டால் 2 சதவீதம் நீற்றுச் சுண்ணாம்பு சேர்ப்பது பழைய, நம்பகமான மருந்து. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட பிளாஸ்டிக் முறையும் இங்கேதான் உதவுகிறது. சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துருவல் உருகிப் படலமாகப் படிந்தால் தண்ணீருக்கு வழி குறையும். நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002-ல் அப்படித்தான் சாலை போட்டார்கள்.

உதிர்தல் லேசாக இருந்தால் ஃபாக் ஸ்ப்ரே. நடுத்தரமாக இருந்தால் மைக்ரோ சர்ஃபேசிங், அதாவது எமல்ஷனும் நுண்ஜல்லியும் கலந்த மெல்லிய பூச்சு, 4 முதல் 6 மி.மீ. அல்லது 6 முதல் 8 மி.மீ. அது தாங்குசக்தியைக் கூட்டாது, தோலை மட்டும் காக்கும். முதலைத் தோல் விரிசல் உள்ள இடத்தில் மைக்ரோ சர்ஃபேசிங் போடாதீர்கள், காசுதான் வீணாகும்.

தார் பொங்கிப் பளபளக்கிறது

தார் மிகுதி, அல்லது டாக் கோட் மிகுதி. மதிய வெயிலில் 6 மி.மீ. சிப்ஸ் அல்லது பருமணலைச் சூடாக்கித் தூவி உருட்டுங்கள். இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் அந்தப் பகுதியை மில்லிங் செய்துவிடுங்கள். மழையில் இந்த இடம் பைக் ஓட்டுபவருக்கு எண்ணெய்த் தரை, தள்ளிப்போடக் கூடாத வேலை.

மேன்ஹோல் மூடி தாழ்ந்து கிடக்கிறது, அல்லது துருத்தி நிற்கிறது

சட்டத்தை மூடியின் மேல் குறுக்கே வையுங்கள். 5 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் சட்டகத்தைச் சுற்றிச் சதுரமாக வெட்டி, சரிவுக்கு ஏற்ற மட்டத்தில் சட்டகத்தைத் தூக்கி நிறுத்தி, சீக்கிரம் இறுகும் கான்கிரீட்டில் பதிக்க வேண்டும். செங்கல் துண்டை முட்டுக்கொடுத்துச் சுற்றிலும் தார் கொட்டினால் ஒரு மாதத்தில் மூடி ஆடும், ஆடும் மூடி தன்னைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் தோண்டிக்கொள்ளும். ரோலர் மூடிக்கு அருகே வர முடியாது, அந்த வளையத்தைக் கைராம்மரால் தனியே இறுக்க வேண்டும்.

தண்ணீர் நிற்கிறது

மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் நிற்கும் குட்டையின் ஓரத்தைச் சாக்பீஸால் வரையுங்கள். பிறகு டியூப் லெவலால் நடுக்கோட்டுக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். 3.5 மீட்டர் அகலத் தடத்தில் 2.5 சதவீதச் சரிவுக்கு ஏறத்தாழ 88 மி.மீ. இறக்கம் வேண்டும். இருக்கிறதா? இருந்தும் நிற்கிறது என்றால் வடிகால் வாயைப் பாருங்கள். பல இடங்களில் வாய் சாலையைவிட உயரமாக இருக்கும், அல்லது வண்டல் தொட்டி நிறைந்திருக்கும்.

மேலே மேலே போட்டு உயர்ந்த சாலையால் சரிவு கெட்டது, வீட்டு வாசல்கள் தாழ்ந்தன, வடிகால் வாய்கள் புதைந்தன. அதனால்தான் பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவுறுத்தியது. மில்லிங் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சுரண்டிய பின் பழைய அடுக்கில் 10, 15 மி.மீ. மெல்லிய தகடு மட்டும் மிஞ்சி நின்றால் அது கண்டிப்பாகக் கழலும், புதிய தாரையும் சேர்த்துக்கொண்டு கழலும். முன்கூட்டியே கோர் எடுத்து, அடுக்கு முடியும் இடம்வரை சுரண்டுங்கள். சுரண்டிய பள்ளங்களில் அடையும் மாவுத் தூசியைக் காற்றடித்து நீக்காமல் டாக் கோட் அடித்தால் எமல்ஷன் தூசியோடுதான் ஒட்டும்.

ஒட்டுவதை எப்போது நிறுத்த வேண்டும்

ஒரு 100 மீட்டர் துண்டில் ஒட்டுகளும் முதலைத் தோலும் சேர்ந்து பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் நாங்கள் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, சாலையின் தாங்குசக்தியை அளக்கச் சொல்வோம். பெங்கெல்மேன் பீம் இதற்குப் பழைய கருவி: பின் அச்சில் 8,170 கிலோ பாரம், டயர் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 5.6 கிலோ உள்ள லாரி நகரும்போது சாலை எவ்வளவு நிமிர்கிறது என்று மி.மீ.யில் சொல்லும். எடை விழுந்து அளக்கும் எஃப்.டபிள்யூ.டி. கருவி கிடைத்தால் எந்த அடுக்கு பலவீனம் என்பதையும் பிரித்துச் சொல்லும், ஐ.ஆர்.சி. 115-2014 அதற்கான நெறிமுறை.

மேடுபள்ளத்தை அளக்கும் பம்ப் இன்டக்ரேட்டர் மணிக்கு 32 கி.மீ. சீராக ஓட வேண்டும். சிக்னலுக்கு சிக்னல் நிற்கும் தெருவில் அது நடக்காது. அங்கே தள்ளிக்கொண்டு போகும் மெர்லின் கருவி வசதி. சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒன்று என 200 அளவீடுகள், அதாவது 400 மீட்டருக்குச் சற்று மேல். தாளில் விழும் புள்ளிகளில் இரு முனையிலும் பத்துப் பத்தை ஒதுக்கி, மீதியின் அகலத்தை மி.மீ.யில் அளங்கள். அதை 0.0471-ஆல் பெருக்கி 0.593 கூட்டினால் ஐ.ஆர்.ஐ., அதாவது சாலையின் மேடுபள்ளத்தைச் சொல்லும் சர்வதேச அளவெண், கிடைக்கும். அகலம் 80 என்றால் ஏறத்தாழ 4.4.

வேலைகளை வடகிழக்குப் பருவமழையை வைத்தே அடுக்க வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் வடிகால் வாய், விரிசல் அடைப்பு, வெட்டு மூடல் எல்லாம் முடிய வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூட்டைக் கலவையால் பள்ளம் மூடுவதும், நீர் நிற்கும் இடங்களைக் குறிப்பதும் மட்டுமே. ஜனவரியிலிருந்து மில்லிங்கும் புதிய அடுக்கும். பீம் சோதனையை ஜனவரித் தொடக்கத்திலேயே, மண் இன்னும் நனைந்து பலவீனமாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். ஏப்ரலில் அளந்தால் காய்ந்த மண் சாலையை உள்ளதைவிடப் பலமாகக் காட்டும். அளக்கும்போது தாருக்குள் 40 மி.மீ. துளையிட்டுக் கிளிசரின் ஊற்றி வெப்பத்தையும் பாருங்கள். 35 டிகிரியிலிருந்து வேறுபடும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.01 மி.மீ. திருத்தம் உண்டு, 35-க்கு மேல் போனால் கழிக்க வேண்டும், கீழே இருந்தால் கூட்ட வேண்டும்.